ஏழாம் அத்தியாயம்: கரிசல் நாய்க்கு வண்டல் மண்ணில் வீடு

ஒரு கார்த்திகை மாதம், அடைமழை விட்ட விடியற்காலையில், லால்பேட்டைப் பக்கம் நண்பர் வீட்டுக் கொல்லைக்குப் போயிருந்தேன். அவருடைய கன்னி நாய் கூண்டுக்கு உள்ளே இல்லை, கூண்டின்மேல் நின்றுகொண்டிருந்தது. கீழே முழங்கால் அளவு தண்ணீர். சங்கிலி போதாமல் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க, நான்கு கால்களையும் ஒரே இடத்தில் குவித்து வைத்து நடுங்கியது. கூண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கனமான இரும்பு, பச்சை பெயிண்ட், மேலே தகரம். தரைக்கும் கூண்டுக்கும் நடுவில் நான்கு செங்கல் கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

கன்னி, சிப்பிப்பாறை இரண்டும் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காட்டில் உருவான நாய்கள். ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் நிலம், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி, அதில் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பது தொழில். அதற்கேற்ற உடம்பு: குட்டை முடி, மெல்லிய தோல், சதைக்கும் தோலுக்கும் நடுவில் கொழுப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. நாமோ வீராணம் ஏரியை ஒட்டி, களிமண்ணும் வண்டலும் கலந்த நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் கொல்லையில் ஈரம் காய்வதே இல்லை. நாய் விட்டுவந்த வறட்சியை இங்கே கட்டிக் கொடுக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வோர் அளவும் அதற்காகத்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘வேட்டை நாய்’ என்பது இனத்தின் பெயராகத்தான் இங்கே வரும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. நாயை விட்டு முயல் பிடிப்பதும் அதன்கீழ் குற்றம்தான். ஆகவே நாம் வளர்ப்பது வேட்டைக்குப் போகாத வேட்டை நாயை. அதன் வேகத்துக்கு வடிகால் எங்கே என்ற கேள்வியும் வீடு கட்டும்போதே எழும்.

இராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்றில் இருப்பது இந்த நாய்தான். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அழகுதான், ஆனால் அந்த மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்துபோகும். குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அப்படிப்பட்ட நாய்க்கு மூன்று பக்கமும் அடைத்த மூலை வீடு ஆகாது. யார் வருகிறார்கள் என்று தூரத்திலேயே கண்ணால் பார்க்க முடியாவிட்டால், திடுக்கிட்டு வீட்டு ஆளையே கடித்துவிடும்.

வாங்குவதா, கட்டுவதா

சிதம்பரத்திலும் கடலூரிலும் இரும்புக் கூண்டு ஆயத்தமாகவே கிடைக்கிறது. வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவருக்கு வேறு வழியில்லை. ஆனால் அதைத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ, இன்னொரு கூரைக்கு அடியில்தான் வைக்க வேண்டும். வெட்டவெளியில் வைத்தால் சித்திரையில் தோசைக்கல், கார்த்திகையில் குளிர்பெட்டி. கம்பித் தரை உள்ள கூண்டு என்றால் அளவுக்குப் பலகை அறுத்துப் போடுங்கள். இந்த நாய்களுக்கு முழங்கையில் எலும்புதான் தரையில் படும். வெறுங்கம்பியிலும் சிமெண்டிலும் படுத்துப் படுத்துத் தோல் காய்த்து, பிறகு வெடித்துப் புண்ணாகும்.

சொந்த மனை இருந்தால் கட்டிவிடுங்கள். மேஸ்திரி ஒருவர், சித்தாள் ஒருவர், நான்கைந்து நாள் வேலை.

எங்கே, எவ்வளவு உயரம்

அளவு நாடாவைக் கொல்லைக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 2015 வெள்ளம் வந்துபோன கறை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. வெள்ளையடித்து மறைந்திருந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். ‘அம்மி வரைக்கும் வந்துச்சு, ரெண்டாம் படி வரைக்கும் வந்துச்சு’ என்று துல்லியமாகச் சொல்வார்கள். ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. மழை வலுத்து அந்த மட்டத்தை நெருங்கினால், லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீரைத் திறப்பார்கள். திருநாரையூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு அது எப்படி வரும் என்று அங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டு இந்தத் தண்ணீர் வானம் வெளுத்த பிறகு வரும். மழை நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நாயைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகும் இரவில் வரும்.

அந்தக் கறையின் மட்டத்துக்கு மேல் ஓரடி. நாய் வீட்டின் தரை அங்கேதான் இருக்க வேண்டும். மேட்டு மனையாக இருந்து தண்ணீரே ஏறியதில்லை என்றாலும் ஒன்றரை அடிக்குக் குறைய வேண்டாம். என் வீட்டில் இரண்டேகால் அடி வந்தது. மேஸ்திரி மட்டக் குழாயைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ஏங்க, நாய்க்கு எதுக்குங்க இவ்ளோ பேஸ்மட்டம்? கோயிலா கட்டப் போறோம்?”

“நீங்க கட்டுங்க மேஸ்திரி. தண்ணி வந்தா நானும் அதுலதான் ஏறி உக்காரணும்.”

சிரித்துக்கொண்டே கட்டினார். அடுத்த கார்த்திகையில் வந்து பார்த்துவிட்டு, தன் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்கும் அதே உயரம் வைத்தார்.

நம் களிமண் மழையில் ஊதும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். சின்னக் கட்டடம்தானே என்று அரையடி தோண்டிச் சுவர் வைத்தால் இரண்டாம் ஆண்டே விரிசல் விடும். அந்த விரிசல் உண்ணிக்குக் குடியிருப்பு. இரண்டரை அடியாவது தோண்டி, ஓரடிக்கு மணல் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லி கான்கிரீட் போட்டுச் சுவரை எழுப்பச் சொல்லுங்கள். உள்நிரப்பும் மணலாகவே இருக்கட்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பக் கொட்டுவார்கள். பக்கத்தில் நின்றுதான் தடுக்க முடியும்.

வீட்டிலிருந்து தூரம்? சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும், அதுதான் கணக்கு. கொல்லைக் கோடியில் வைக்கிற நாய் குரைத்தே பொழுதைக் கழிக்கும். பக்கத்து வீட்டார் முதல் மாதம் பொறுப்பார்கள்.

வாசல் தெற்கு

வடகிழக்குப் பருவமழைதான் நம் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கொண்டுவருகிறது. சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்த இரு பக்கமும் முழுச் சுவர். மேற்கு வெயில் சுவரைச் சுடும் என்பதால் அதற்கும் சுவர் வைத்து, பத்தடி தள்ளி ஒரு வேம்போ புங்கோ நடுங்கள். அது வளரும்வரை பந்தல் போட்டுக்கொள்ளலாம். திறந்த பக்கம் தெற்கு.

இதில் வெயிலும் நமக்கு ஒத்துழைக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நடுப்பகலில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடும், நின்றால் காலடியில் நிழலே இருக்காது. அதன்பின் ஆவணித் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கேதான் நிற்கும். கோடை வெயில் தெற்கு வாசலுக்குள் வராது. மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். முன்பக்கம் ஆறரை அடி உயரமும் இரண்டடி இறவாணமும் வைத்தால், நண்பகல் வெயில் இரண்டடிக்கு மேல் உள்ளே விழும். மழைக்காலத்து ஈரத்தைக் காயவைக்க அதைவிட மலிவான வழி கிடையாது. வடக்குச் சுவரின் உச்சியில் ஓரடி உயரத்துக்குக் கம்பி வலைச் சன்னல் ஒன்று விட்டு, அதற்கு மரக் கதவும் வையுங்கள். கோடையில் திறந்து வைத்தால் காற்று ஊடே போகும். ஐப்பசியில் சாத்திவிடலாம்.

படுக்கை அறைக்கு ஒரு நாய்க்கு ஐந்தடி நீளம், நான்கடி அகலம் போதும். உயரத்தை நாய்க்கு ஏற்றபடி வைக்காதீர்கள், கழுவப் போகிறவருக்கு ஏற்றபடி வையுங்கள். முன்னால் ஆறரை அடி, பின்னால் ஐந்தரை. குனிந்து கழுவ வேண்டிய வீட்டை யாரும் தினமும் கழுவ மாட்டார்கள், நான் உட்பட.

தரையை வழவழப்பாக இழைக்க வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். ஓட்ட நாய்க்கு வழுக்கித் தொடை பிசகினால் அது பெரிய இழப்பு. சிமெண்டு இறுகுமுன் தென்னை விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். வாட்டம் பின்சுவரிலிருந்து முன்னோக்கி, நான்கடிக்கு ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக. மேஸ்திரி போவதற்குள் சோதித்துவிடுங்கள்: ஒரு குடம் தண்ணீரைப் பின்மூலையில் கொட்டிவிட்டு வெற்றிலை போடும் நேரம் பொறுத்திருந்தால், எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். தேங்கும் இடத்தில் கரியால் வட்டம் போட்டுக் காட்டினால் அன்றே சரிசெய்துவிடுவார். மறுநாள் வரச் சொன்னால் அடுத்த மாதம்தான்.

உண்ணிக்கு இடம் கொடாதீர்கள்

பூசாத செங்கல் சுவர் பார்க்க அழகாக இருக்கும். உண்ணிக்கும் அது அரண்மனை. நாயின்மேல் ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரில் மேல்நோக்கி ஏறி, ஏதாவது இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாம் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருப்போம். குடும்பமோ கூரையில் இருக்கும். அதனால் உள்ளும் புறமும் பூச்சு, உள்மூலைகள் கூராக இல்லாமல் உருட்டிய பூச்சு, ஆண்டுக்கு இரண்டு முறை சுண்ணாம்பு. சுண்ணாம்பு நன்றாகக் காயும்வரை, இரண்டு மூன்று நாள், நாயை உள்ளே விடாதீர்கள், பாதம் வெந்துவிடும். சுவருக்கு உண்ணி மருந்து அடிப்பதானால் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டு அடியுங்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்தாக இருந்தால் வீட்டுப் பூனைக்கு அது விஷம்.

கூரைக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கீற்றுப்போலக் குளிர்ச்சியான கூரை வேறில்லை. ஆனால் உண்ணி, பல்லி, எலி, எலியைத் தேடிவரும் பாம்பு எல்லாம் அதிலேதான் இருக்கும். கல்நார் தகடு வேண்டாம். உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நான் கண்டுகொண்டது இரண்டும் கலந்த வழி: நாகம் பூசிய இரும்புத் தகடு, மேற்புறம் வெள்ளைப் பெயிண்ட், பங்குனியில் அதன்மேல் கீற்றைப் பரப்பிக் கயிற்றால் பின்னிக் கட்டிவிட்டு, ஐப்பசிக்கு முன் எடுத்து அடுப்புக்குப் போட்டுவிடுவது. கீற்று வெளியே இருக்கிறது, நாய் உள்ளே இருக்கிறது, நடுவில் தகடு.

அந்தத் தகட்டை எப்படிப் பிடிக்க வைப்பது என்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். முதல் முறை நான் பார்த்தேன். மேலே நான்கு செங்கல் வைத்தால் போதும் என்று நினைத்தேன்; 2011 டிசம்பர் 30ஆம் தேதி, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த காலையில், தகடு இரண்டு தென்னை தாண்டிக் கிடந்தது. நல்லவேளையாக நாய் எங்களோடு எங்கள் வீட்டுக்குள் இருந்தது. அந்தப் புயல் நமக்கு வடக்கே கரையேறியது; அப்படி ஏறினால் காற்று நமக்கு மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கே, 2018இல் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியதுபோல் ஏறினால், கிழக்கிலிருந்து. எந்தப் பக்கத்தையும் நம்பி விடமுடியாது. சுவரின் தலையில் கான்கிரீட் பட்டம் ஒன்று ஓட்டி, அதிலேயே போல்ட்டுகளைப் புதைத்து, குழாய்ச் சட்டத்தை அதில் முடுக்கி, தகட்டைச் சட்டத்தோடு ‘ஜே’ கொக்கியால் இறுக்க வேண்டும். தென்புறம் திறந்த வாசல் என்பதால் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். முன்பக்கக் கொக்கிகளை இரட்டிப்பாகப் போடுங்கள்.

படுக்கைக்குச் சவுக்கு அல்லது வேம்புப் பலகையில் ஆறங்குல உயரக் கட்டில், பலகைக்கும் பலகைக்கும் விரற்கடை இடைவெளி. சுவரோடு பொருத்தாதீர்கள், தினமும் தூக்கிச் சாய்த்துக் கழுவ வரவேண்டும். நைலான் நாடாக் கட்டில் குட்டிக்கு ஆகாது, கடித்து விழுங்கிவிடும். மேலே கோணிச் சாக்கு இரண்டு, ஒன்று வெயிலில், ஒன்று நாயின் கீழே. வைக்கோல் நம் ஊரில் சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்படத் தோன்றும். தை, மாசியில் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

முற்றமும் வேலியும்

அறை தூங்க. பகலில் நாய் இருக்கப் போவது அதன் முன்னால் உள்ள முற்றத்தில். இங்கேதான் ஓட்ட நாய்க்கும் மற்ற நாய்க்கும் வேறுபாடு. பதினாறுக்குப் பதினாறு சதுர முற்றத்தைவிட, ஆறடி அகலத்தில் நாற்பதடி நீளம் மேல். நேர்கோட்டில் நான்கு பாய்ச்சல் போட்டுத் திரும்பட்டும். இடமில்லாதவர்கள் இருபதடியில் நிறுத்திக்கொள்ளலாம்.

தரைக்குக் களிமண் கூடாது. ஈரக் களியில் கொக்கிப்புழு வளரும், விரலிடுக்கு புண்ணாகும். விருத்தாசலம் பக்கத்திலிருந்து வரும் செம்மண் கிராவலை அரையடிக்குக் கொட்டித் திமிசுக்கட்டை போட்டுக் கெட்டித்து, நடுவை உயர்த்தி இரு பக்கமும் வாட்டம் கொடுங்கள். கழிவுக்குக் குழி வெட்டாதீர்கள். நம் ஊரில் கார்த்திகையில் இரண்டடியிலேயே தண்ணீர், குழி நிரம்பி முற்றத்துக்கே திரும்பி வரும். தரைக்கு மேல் சிமெண்டு உறை ஒன்றை நிறுத்தி, சருகும் சாம்பலும் போட்டு மூடிவந்தால் போதும். அந்த எருவைக் கீரைப் பாத்திக்குப் போடாதீர்கள், தென்னைக்குப் போடலாம்.

வேலி ஆறடி. சிப்பிப்பாறை ஐந்தடியை நின்ற இடத்திலிருந்தே தாவும், தாவிய பிறகுதான் நமக்குத் தெரியும். உச்சியில் ஓரடிக்கு உட்பக்கம் சாய்வு கொடுங்கள். அடியில் தோண்டும் என்பதால் ஒன்றரை அடிச் சுவர் மண்ணுக்குள் போகட்டும். தரைக்கு மேல் முதல் இரண்டடிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை கட்டாயம். சாதாரண வைரக்கண் வலையில் பாம்பு தாராளமாக நுழையும். வயலை ஒட்டிய வீடுகளில் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி வரும். மற்ற நாய் குரைத்துப் பின்வாங்கும். இந்த இனங்கள் பாயும். கதவின் அடியிலும் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

கண்ணால் வேட்டையாடும் நாய் என்பதை மறக்காதீர்கள். தெருப் பக்கம் வலையாக இருந்தால், போகிற ஆடு, வருகிற பூனை, சைக்கிள் எல்லாமே அதற்கு முயல். நாள் முழுக்க வலையில் மோதி மூக்கைத் தேய்த்துக்கொள்ளும். அந்தப் பக்கம் நான்கடிச் சுவர் எழுப்பி மறைத்து, வீட்டைப் பார்த்த பக்கம் வலை விடுங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

முற்றம் எவ்வளவு பெரிதானாலும் ஓட்டத்துக்கு ஈடாகாது. விடிவதற்கு முன்னும் இருட்டும் நேரத்திலும் வாரோடு வெளியே போயாக வேண்டும். நாயை எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960இன்படி குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. சம்பா அறுத்ததும் வயல் வெட்டவெளியாகத் தெரியும், அவிழ்த்துவிடக் கை பரபரக்கும். வரப்பில் நின்று பாருங்கள், தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கும். அதில் ஒரு சுற்று ஓடினால் நாயின் பெயரும் உங்கள் பெயரும் ஊரில் ஒன்றாகிவிடும். ஓடவிட்ட உடனே சோறு வைக்காதீர்கள், சோறு வைத்த உடனே ஓட விடாதீர்கள். ஆழ்ந்த நெஞ்சுக்கூடு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓரிரு மணி நேரம் இடைவெளி போதும்.

தண்ணீர்த் தொட்டியைத் தரையில் பதிக்காமல் ஓரடி மேலே வையுங்கள். வயல் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், கழுவும் நம்மையும் தாக்கும். வெறிநோய்த் தடுப்பூசியோடு இதற்கான ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுவிடுவது நம் ஊருக்கு அவசியம்.

குடி புகும்போது

பூச்சு முடிந்ததும் இரண்டு வாரம் தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிறகு ஒரு வாரம் காயவிடுங்கள். முதல் மூன்று நாள் சோற்றை மட்டும் உள்ளே வையுங்கள், கதவைச் சாத்தாதீர்கள். நீங்கள் கட்டிக் கழித்த பழைய வேட்டி ஒன்றைக் கட்டிலில் போட்டால் சீக்கிரம் பழகும்.

கதவுக்குப் பூட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய் களவு போகிறது, உண்மைதான். அப்படியானால் சாவி ஒன்று வீட்டில், இன்னொன்று பக்கத்து வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் ஆளிடம் இருக்கட்டும். நீங்கள் சிதம்பரத்துக்குப் போய்ப் பேருந்து கிடைக்காமல் நிற்கிற இரவில்தான் வெள்ளியங்கால் ஓடையில் தண்ணீர் திறப்பார்கள். தாழ்ப்பாளை நெஞ்சு உயரத்தில், வெளிப்பக்கம், ஈரக் கையால் இருட்டில் தடவியே திறக்கும்படி வையுங்கள். நாகம் பூசாத இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகிவிடும், மாதம் ஒரு முறை இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.